நாய் அளவுக்கு மீறித் தண்ணி குடிக்குதா? – குஷிங் நோயும், ரத்தம் கட்டிக்கிற ஆபத்தும்

உங்க வீட்டுல பத்து வயசு நாய் ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குவோம். பேரு டைகரோ, ஜூலியோ, மணியோ, ஏதோ ஒண்ணு. கொஞ்ச நாளா அதோட போக்கு மாறியிருக்கு. தண்ணிச் சட்டியை வச்ச வேகத்துல காலி பண்ணுது. ராத்திரியில ரெண்டு மூணு தடவை கதவைப் பிராண்டி வெளியே விடச் சொல்லுது. எவ்வளவு சோறு வச்சாலும் பத்தல. வயிறு மட்டும் குடம் மாதிரி தொங்குது. காலெல்லாம் மெலிஞ்சுகிட்டே போகுது. விலாவுல ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டுது. சும்மா படுத்திருக்கும்போதே நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்குது.

அம்மா என்ன சொல்வாங்க? "வயசாயிருச்சுல்ல." அப்பா என்ன சொல்வார்? "நம்ம விருதுநகர் வெயிலுக்கு மனுஷனே சொம்பு சொம்பாக் குடிக்கிறான், நாய் குடிக்காதா?" ரெண்டும் நியாயமான பேச்சுதான். ஆனா இந்த ரெண்டு நியாயமான பேச்சுக்குப் பின்னாடி ஒரு நோய் மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல ஒளிஞ்சிருக்க முடியும். அதுக்குப் பேரு குஷிங் நோய். அந்த நோயோட ஒரு ஆபத்து, வெளியே ஒரு அடையாளமும் காட்டாம ரத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். இந்தக் கட்டுரை அந்த ஆபத்தைப் பத்தித்தான்.

இஞ்சினியரிங் காலேஜ் இதழ்ல நாய் நோய்க்கு என்ன வேலைன்னு கேக்கலாம். இந்த நோய்ல கன்ட்ரோல் சிஸ்டம் இருக்கு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இருக்கு, முறுக்கு விசையை அளக்குற ஒரு அருமையான கருவியும் இருக்கு. நம்ம பாடத்தை வச்சே இதை முழுசாப் புரிஞ்சுக்கலாம்.

மொட்டை மாடி டேங்கும் மூணு விதக் கோளாறும்

ஹாஸ்டல் மொட்டை மாடியில தண்ணி டேங்க் இருக்கு. தண்ணி குறைஞ்சா சென்சார் சொல்லும், ஸ்டார்ட்டர் விழும், மோட்டார் ஓடும். டேங்க் நிறைஞ்சதும் சென்சார் திரும்பச் சொல்லும், மோட்டார் நிக்கும். இதுதான் நெகட்டிவ் ஃபீட்பேக்.

நாயோட உடம்புலயும், நம்ம உடம்புலயும், கோர்டிசால்ங்கிற ஹார்மோன் இப்படித்தான் கட்டுப்படுது. மூளையில இருக்கிற ஹைப்போதலாமஸ்தான் சென்சார். அதுக்குக் கீழே தொங்குற பிட்யூட்டரி சுரப்பி ஸ்டார்ட்டர். அது ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்துல அனுப்பும். சிறுநீரகத்துக்குப் பக்கத்துல இருக்கிற அட்ரினல் சுரப்பிதான் மோட்டார். கோர்டிசாலை ஊத்துறது அதுதான். ரத்தத்துல கோர்டிசால் போதுமான அளவு வந்ததும், அதுவே மேலே போய் 'போதும்'னு சொல்லி நிறுத்திடும்.

இந்த அமைப்பு மூணு விதமாக் கெட்டுப் போகலாம்.

முதலாவது, ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிறது. பிட்யூட்டரியில ஒரு சின்னக் கட்டி வளர்ந்து, 'போதும்'ங்கிற சேதியை மதிக்காம ஏ.சி.டி.எச். அனுப்பிக்கிட்டே இருக்கும். பெரும்பாலும் இந்தக் கட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. நாய்களுக்குத் தானா வர்ற குஷிங் நோய்ல நூத்துக்கு 80-லிருந்து 85 வரைக்கும் இந்த வகைதான்.

ரெண்டாவது, மோட்டார் தன் இஷ்டத்துக்கு ஓடுறது. அட்ரினல்லயே கட்டி வந்து, யார் பேச்சையும் கேக்காம கோர்டிசாலை ஊத்தும். மீதி 15-லிருந்து 20 சதவீதம் இது.

மூணாவது, நம்ம ஊர்க்காரங்களுக்கு உடனே புரியும். டேங்க்ல நாமளே வெளியிலிருந்து லாரித் தண்ணியை ஊத்துறோம். அதாவது ஸ்டீராய்டு மருந்து. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் எல்லாமே கோர்டிசாலோட வேலையைச் செய்யிற மருந்துகள். சொறி, அரிப்புன்னு மாசக்கணக்குல இவற்றைக் கொடுத்தா, உடம்புக்குள்ள ஒரு கட்டியும் இல்லாமலேயே குஷிங் வந்துடும். லாரித் தண்ணியாலயே டேங்க் நிறைஞ்சிருக்கிறதால மோட்டார் ஓடவே ஓடாது; துருப்பிடிச்சுப் போகும். அப்புறம் ஒருநாள் லாரியை திடீர்னு நிறுத்தினா? தண்ணியும் இல்ல, மோட்டாரும் இல்ல. நாய் வாந்தி எடுத்து, துவண்டு, உயிருக்கே ஆபத்தாயிடும். அதனால இந்த மருந்தை இஷ்டத்துக்குக் கொடுக்கிறதும் தப்பு, பயந்துபோய் ஒரே நாள்ல நிறுத்துறதும் தப்பு. டாக்டர் சொல்ற கணக்குல படிப்படியாத்தான் குறைக்கணும்.

நோய்க்குப் பேர் வந்தது ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை நிபுணரால. 1932-ல அவர் மனுஷங்ககிட்ட பிட்யூட்டரிக் கட்டியையும் இந்த அறிகுறிகளையும் சேர்த்து எழுதினார். மனுஷங்களுக்கு இது அபூர்வமான நோய். வயசான நாய்களுக்கு அப்படி இல்ல. அவற்றுக்கு வர்ற ஹார்மோன் கோளாறுகள்ல இது அடிக்கடி பார்க்கிற ஒண்ணு. டாக்ஸ்ஹண்ட், பூடில், பாக்ஸர், டெரியர் வகைகள்ல அதிகம்னு பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆனா எந்த இனத்துக்கும் வரலாம். 2005-ல தபால் தலையிலேயே இடம்பிடிச்ச நம்ம ராஜபாளையம் நாய்க்கும் விலக்கு இல்ல, தெருவுல எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கும் விலக்கு இல்ல.

ரத்தம் உறையறது: சரவெடிக் கணக்கு

கையில வெட்டுப்பட்டா ரத்தம் ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுடுது. எப்படி? முதல்ல தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். அதே நேரத்துல ரத்தத்துல கரைஞ்சிருக்கிற உறைவுக் காரணிகள் ஒண்ணையொண்ணு உசுப்பிவிடும். சரவெடி மாதிரிதான். ஆனா ஒரு வித்தியாசம். சரவெடியில ஒரு வெடி அடுத்த வெடியைப் பத்த வைக்கும். ரத்தத்துல ஒரு மூலக்கூறு பல மூலக்கூறுகளைப் பத்த வைக்கும். கடைசியில திராம்பின் என்ற நொதி பெருமளவுல உருவாகி, கரைஞ்சிருக்கிற ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நூலா மாத்தும். அந்த நூல் வலையில அணுக்கள் சிக்கி, கட்டி உருவாகும்.

இவ்வளவு வேகமாப் பத்திக்கிற சமாச்சாரம் உடம்பு பூரா பரவாம இருக்கணும்ல? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பார்த்தவங்களுக்கு இதுக்குப் பதில் தெரியும். அங்கே எல்லாத்தையும் ஒரே கட்டடத்துல செய்யமாட்டாங்க. மருந்து கலக்குற அறை தனி, அடைக்கிற அறை தனி. நடுவுல இவ்வளவு இடைவெளி விடணும்னு விதி. ஒரு அறையில இவ்வளவு மருந்துக்கு மேல வைக்கக்கூடாதுன்னும் விதி. ஒரு இடத்துல தீப்பொறி விழுந்தாலும் அது அந்த அறையோட நிக்கணும், அவ்வளவுதான் நோக்கம்.

ரத்தத்துல அந்த இடைவெளி வேலையைச் செய்யிறது ஆன்டித்திராம்பின் என்ற புரதம். காயம்பட்ட இடத்தைத் தாண்டி ஓடிவர்ற திராம்பினைப் பிடிச்சு முடக்கிடும். வேலை முடிஞ்சதும் கட்டியைக் கரைச்சுச் சுத்தம் பண்ண பிளாஸ்மின்னு ஒரு நொதி இருக்கு.

இப்போ கோர்டிசால் மாசக்கணக்குல அளவு மீறி இருக்கிற நாயை எடுத்துக்குவோம். ஆய்வுகள்ல திரும்பத் திரும்பப் பார்த்த மாற்றங்கள் இவை:

ஒண்ணு, ஃபைப்ரினோஜன், எட்டாம் காரணி மாதிரியான உறைவுக் காரணிகளோட அளவு ஏறிடுது. அறையில மருந்து கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

ரெண்டு, தட்டணுக்களோட எண்ணிக்கையும் நிறைய நாய்களுக்கு ஏறுது.

மூணு, கட்டியைக் கரைக்கிற வேலையைத் தடுக்கிற பி.ஏ.ஐ.-1 என்ற புரதம் கூடுது. அதாவது சுத்தம் பண்ண வர்றவரோட கையைக் கட்டிப் போட்டாச்சு.

நாலு, நிறைய குஷிங் நாய்களுக்குச் சிறுநீர்ல புரதம் ஒழுகும். ஆன்டித்திராம்பின் கிட்டத்தட்ட அல்புமின் சைஸ்ல இருக்கிற சின்னப் புரதம். அல்புமின் ஒழுகுற ஓட்டையில இதுவும் ஒழுகிடும். அறைகளுக்கு நடுவுல இருந்த இடைவெளி குறையுது.

அஞ்சு, ரத்த அழுத்தமும் பல நாய்களுக்குக் கூடும். அது ரத்தக்குழாயோட உள்சுவரைக் கெடுக்கும்.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடணும். மருந்து கூடிப்போன ஆலையில தினமும் வெடி விபத்து நடக்கிறது இல்ல. அதே மாதிரி, குஷிங் வந்த பெரும்பாலான நாய்களுக்குக் கடைசி வரைக்கும் ரத்தக் கட்டி வர்றதே இல்ல. ஆனா ஒரு தீப்பொறி விழுந்தா, மத்த நாய்க்கு அங்கேயே அணைஞ்சுபோறது இந்த நாய்க்கு அணையாது. 'அபூர்வம்'ங்கிற வார்த்தையும் 'ஆபத்து'ங்கிற வார்த்தையும் இந்த நோய்ல ஒண்ணாவே நிக்குது.

தீப்பொறி எது? இங்கேதான் ஜெர்மன் நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோவ் வர்றார். ரத்தம் குழாய்க்குள்ளேயே கட்டிக்கிறதுக்கு மூணு காரணம்னு இன்னைக்கும் அவர் பேர்லதான் சொல்றோம்: ஓட்டம் மந்தமாகிறது, குழாய்ச் சுவர் காயப்படுறது, ரத்தமே உறையற குணத்துக்கு மாறுறது. 1856-ல இது சம்பந்தமான ஆராய்ச்சிகளைத் தொகுத்து வெளியிட்டார். கால்லயோ வயித்துலயோ உருவாகிற கட்டி பிச்சுக்கிட்டுப் போய் நுரையீரல்ல அடைக்கும்னு காட்ட, அவர் சோதனை செஞ்சதே நாய்கள்லதான். கழுத்து நரம்புல சின்னத் துண்டுகளை விட்டு, அது நுரையீரல் தமனியில போய் நிக்கிறதைப் பார்த்தார்.

குஷிங் நாய்க்கு மூணாவது காரணம் ஏற்கெனவே தயாரா இருக்கு. மத்த ரெண்டுல ஒண்ணு சேர்ந்தா போதும். பெரிய அறுவை சிகிச்சை, பல நாள் எழுந்திருக்காமப் படுத்தே கிடக்கிறது, கணைய அழற்சி, புற்றுக்கட்டி, நரம்புல நாள்கணக்கா ஊசிக்குழாய் இருக்கிறது எல்லாம் அப்படிப்பட்டவை. அட்ரினல் கட்டி சில சமயம் பக்கத்துல இருக்கிற பெரிய சிரைக்குள்ளேயே வளர்ந்து நுழையும். அதை எடுக்கிற ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் டாக்டர்கள் அவ்வளவு கவனமா இருக்கிறதுக்கு ரத்தக் கட்டி பயமும் ஒரு காரணம்.

கட்டி எங்கே போய் அடைக்கும்?

பெரும்பாலும் நுரையீரல். சிரையில உருவான கட்டி இதயத்தோட வலது பக்கம் வந்து, அங்கிருந்து நுரையீரல் தமனிக்குள்ள தள்ளப்படும். குழாய் கிளை கிளையாப் பிரிஞ்சு சின்னதாகிக்கிட்டே போகுமில்லையா, எங்கே கட்டியோட சைஸும் குழாயோட சைஸும் ஒத்துப்போகுதோ அங்கே அடைச்சு நிக்கும்.

ஹேகன்–பாய்ஸ் விதி ஞாபகம் இருக்கா? அழுத்தம் மாறாம இருந்தா, குழாயில ஓட்டம் ஆரத்தோட நான்காம் அடுக்குக்கு ஏத்த மாதிரி மாறும். கட்டி ஒட்டி, ஆரம் பாதியாச்சுன்னா ஓட்டம் பாதியாகாது. பதினாறுல ஒரு பங்காயிடும். ரத்தம் துடிச்சுத் துடிச்சு ஓடுறதால இந்தச் சமன்பாடு அப்படியே பொருந்தாதுதான். ஆனா எதனால ஒரு சின்ன அடைப்பு அவ்வளவு பெரிய நாயைச் சாய்ச்சுடுதுன்னு புரிஞ்சுக்க இது போதும். காத்து வந்து சேர்ற பகுதிக்கு ரத்தம் வரல; அதனால உள்ளே இழுக்கிற காத்து வீணாப் போகுது. அதோட வலது இதயம் திடீர்னு ஒரு சுவரை எதிர்த்துத் தள்ளுற நிலைக்கு வந்துடும்.

அப்போ வெளியே என்ன தெரியும்? நேத்து வரைக்கும் நல்லா இருந்த நாய் திடீர்னு மூச்சுக்குத் திணறும். படுக்க முடியாம நிக்கும், இல்லேன்னா முன்கால் ரெண்டையும் அகட்டி வச்சு உட்காரும். ஈறு வெளிறியோ நீலம் பாரிச்சோ இருக்கும். சில நாய் மயங்கி விழும். இதுல டாக்டர்களையே குழப்புற விஷயம் என்னன்னா, நெஞ்சு எக்ஸ்ரே பல சமயம் சுத்தமா இருக்கும். இவ்வளவு மூச்சுத்திணறலுக்கு ஏத்த மாதிரி எக்ஸ்ரேயில ஒண்ணுமே இல்லையேங்கிறதுதான் நுரையீரல் கட்டியைச் சந்தேகப்பட வைக்கிற முக்கியமான துப்பு. உறுதிப்படுத்த சி.டி. ஆஞ்சியோ வேணும்.

இன்னொரு இடம், வயித்துப் பெருந்தமனி பின்கால்களுக்குப் பிரியிற இடம். அங்கே அடைச்சா பின்கால் தளரும், கொஞ்ச தூரம் நடந்ததும் உட்கார்ந்துடும், பாதம் சில்லுன்னு இருக்கும், தொடையோட உட்பக்கம் தொட்டா நாடி துடிக்கிறது தெரியாது. "மூட்டு வலி"ன்னு நினைச்சு விட்டுடாதீங்க.

லேப் ரிப்போர்ட் ஏன் பேசாம இருக்கு?

ரத்தம் உறையிறதைப் பார்க்க சாதாரணமா எடுக்கிற டெஸ்ட் பி.டி., ஏ.பி.டி.டி. ரெண்டும். இவை எதுக்காக உருவானவை? ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகுதுன்னு பார்க்க. அதாவது ரத்தக்கசிவு நோயைப் பிடிக்க. அளவு மீறி உறையற ரத்தத்தை இவை நம்பகமாக் காட்டாது. குஷிங் நாயோட ரிப்போர்ட் "நார்மல்"னு வரும். அந்த நார்மலை நம்பி நிம்மதியா இருந்துட முடியாது. குறைஞ்ச வோல்டேஜைப் பார்க்கிற மீட்டரை வச்சுக்கிட்டு ஷார்ட் சர்க்யூட்டைத் தேடுறது மாதிரி அது.

இதுக்கு உதவுற கருவி திராம்போஎலாஸ்டோகிராஃப். 1948-ல ஜெர்மனியில ஹெல்முட் ஹார்ட்டர்ட் உருவாக்கினது. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஒரு சின்னக் கிண்ணத்துல 0.36 மி.லி. ரத்தம். கிண்ணம் 4 டிகிரி 45 நிமிடக் கோணத்துல முன்னும் பின்னும் ஆடும். ஒரு சுத்துக்கு 10 விநாடி. ரத்தத்துக்குள்ள ஒரு ஊசி, முறுக்குக் கம்பியில தொங்கும். ரத்தம் தண்ணியா இருக்கிற வரைக்கும் கிண்ணம் ஆடினாலும் ஊசி ஆடாது. ஃபைப்ரின் நூல் உருவாக ஆரம்பிச்சதும் கிண்ணமும் ஊசியும் பிணைஞ்சு, ஊசியும் சேர்ந்து ஆடும். எவ்வளவு ஆடுதோ, கட்டி அவ்வளவு பலம்.

வரைபடத்தோட அதிகபட்ச அகலத்தை எம்.ஏ.ன்னு மில்லிமீட்டர்ல சொல்வாங்க. கட்டியோட வெட்டு மீட்சிக் குணகம் = 5000 × எம்.ஏ. ÷ (100 − எம்.ஏ.). போட்டுப் பாருங்க. எம்.ஏ. 50-ன்னா 5000. 60-ன்னா 7500. 70-ன்னா சுமார் 11,667. அகலம் 50-லிருந்து 70-க்கு ஏறும்போது கட்டியோட பலம் ரெண்டு மடங்கையும் தாண்டிடுது. வரைபடத்துல சின்னதாத் தெரியிற வித்தியாசம் உள்ளுக்குள்ள சின்னது இல்ல.

இந்தக் கருவியால தெரிஞ்ச ரெண்டு விஷயம் முக்கியம். முதலாவது, ஆரோக்கியமான பீகிள் நாய்களுக்கு பிரெட்னிசோன் கொடுத்துப் பார்த்தப்போ, அவற்றோட ரத்தமும் அதிகம் உறையற பக்கம் நகர்ந்துச்சு. ஆக, லாரித் தண்ணிக்கும் இதே விளைவு உண்டு. ரெண்டாவது, டிரைலோஸ்டேன் மருந்து கொடுத்து கோர்டிசால் கட்டுக்குள்ள வந்த பிறகும், பல நாய்களுக்கு ரத்தம் பழைய நிலைக்குத் திரும்பல. 'தண்ணி குடிக்கிறது குறைஞ்சிருச்சு, முடி வளர்ந்துடுச்சு, இனி கவலை இல்ல'ன்னு கண்காணிப்பை விட்டுடக் கூடாதுன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

இந்தக் கருவி நம்ம ஊர் கால்நடை மருந்தகத்துல இருக்காது. அதனாலதான் உங்க கண்ணும் கையும் இங்க முக்கியமான கருவி.

நீங்க வீட்டுல அளக்க வேண்டிய மூணு

தண்ணி. காலையில ஒரு லிட்டர் பாட்டிலால அளந்து ஊத்துங்க. 24 மணி நேரம் கழிச்சு மிச்சத்தை அளங்க. நம்ம ஊர் வெயில்ல ஆவியாப் போறதும் ஒரு கணக்கு. அதுக்கு அதே மாதிரி இன்னொரு சட்டியில அதே அளவு தண்ணி, நாய்க்கு எட்டாம, பக்கத்துலயே வைங்க. அதுல எவ்வளவு குறைஞ்சதோ அதைக் கழிச்சுடுங்க. மூணு நாள் சராசரி எடுங்க. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மி.லி.க்கு மேல போச்சுன்னா அது வெயில் தாகம் இல்ல, நோய். 10 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர்தான் எல்லை. குஷிங் மட்டுமில்ல, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, பெண் நாய்க்குக் கருப்பையில சீழ் வைக்கிறது எல்லாத்துலயும் இப்படி ஆகும். எதுவா இருந்தாலும் டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான்.

மூச்சு. குஷிங் நாய் எப்பவுமே மூச்சு வாங்கும். வெயில்ல எல்லா நாயும் வாங்கும். அப்போ ஆபத்தை எப்படிப் பிரிக்கிறது? நல்லாத் தூங்கும்போது எண்ணுங்க. நெஞ்சு ஏறி இறங்கினா ஒண்ணு. அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்குங்க. நிமிஷத்துக்கு 30-க்குள்ள இருக்கணும். வாரத்துல ரெண்டு நாள் எண்ணி எழுதி வச்சீங்கன்னா உங்க நாயோட வழக்கமான எண் தெரிஞ்சுடும். அது திடீர்னு எகிறினா அன்னைக்கே கிளம்பணும்.

ஈறும் நாடியும். உதட்டைத் தூக்கி ஈறு ரோஸ் கலர்ல இருக்கான்னு பாருங்க. தொடையோட உட்பக்கம் ரெண்டு கால்லயும் நாடியைத் தொட்டுப் பழகுங்க. நல்லா இருக்கும்போது தொட்டுப் பழகினாத்தான் இல்லாதபோது இல்லைன்னு தெரியும்.

டாக்டர்கிட்ட என்ன நடக்கும்?

குஷிங்கை உறுதிப்படுத்துற டெஸ்ட்டுகளும் நம்ம டேங்க் கணக்குத்தான். குறைந்த அளவு டெக்சாமெத்தசோன் டெஸ்ட்ல, ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி. மருந்து போட்டு, தொடக்கத்துலயும் 4, 8 மணி நேரத்துலயும் ரத்தம் எடுப்பாங்க. ஒரு வாளித் தண்ணியை வெளியிலிருந்து ஊத்தி, மோட்டார் நிக்குதான்னு பார்க்கிறது. நிக்கலேன்னா கோளாறு. ஏ.சி.டி.எச். டெஸ்ட்ல, ஸ்டார்ட்டரை நாமளே அமுக்கி, ஒரு மணி நேரத்துல எவ்வளவு தண்ணி கொட்டுதுன்னு பார்க்கிறது. கூடவே வயித்து ஸ்கேன், சிறுநீர்ல புரதம், ரத்த அழுத்தம். ரத்தக் கட்டி ஆபத்தைக் கணிக்கக் கடைசி ரெண்டும் ரொம்ப உதவும். அதை மறக்காம கேளுங்க.

இந்தப் பகுதிக்காரங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பயந்த நாய்க்குக் கோர்டிசால் தானாவே ஏறும். தீபாவளி வாரத்துலயோ, பங்குனிப் பொங்கல் வேட்டுச் சத்தத்துக்கு நடுவுலயோ இந்த டெஸ்ட்டை எடுத்தா, இல்லாத நோய் இருக்கிற மாதிரி காட்டலாம். 2018-ல உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம்தான் வெடிக்கணும்னு சொன்னது; தமிழ்நாட்டுல காலை 6–7, மாலை 7–8 என்று நேரம் வச்சாங்க. ஆனா ஆலைகளும் கடைகளும் சூழ்ந்த ஊர்ல வெடிச் சத்தம் வருஷம் பூரா உண்டு. அமைதியான வாரமாப் பார்த்து டெஸ்ட்டை வைங்க. சத்தத்தால குஷிங் நோய் வராது, அதையும் தெரிஞ்சுக்குங்க. ஏற்கெனவே டிரைலோஸ்டேன் சாப்பிடுற நாயா இருந்தா, வெடி நாள்ல அது சோர்ந்தோ வாந்தி எடுத்தோ கிடந்தா அடுத்த மாத்திரை கொடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க. பயத்தைத் தாங்கத் தேவையான கோர்டிசாலைக்கூட மருந்து குறைச்சிருக்கலாம்.

ரத்தக் கட்டியைத் தடுக்க க்ளோபிடோக்ரெல் மாதிரி மருந்துகள் உண்டு. ஆனா குஷிங் வந்த எல்லா நாய்க்கும் அதைக் கண்ணை மூடிக்கிட்டுக் கொடுக்கிறது இல்ல. கால்நடை அவசர சிகிச்சை நிபுணர்கள் 2019-ல வெளியிட்ட வழிகாட்டுதலும், வேற ஆபத்துக் காரணமும் சேர்ந்திருக்கிற நாய்க்கு முக்கியமா யோசிக்கச் சொல்லுது. தாத்தாவோட இதய மாத்திரையை எடுத்து நாய்க்குக் கொடுத்துடாதீங்க. நம்ம பக்கத்துல உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். அதுல தட்டணுக்கள் சரிஞ்சுடும். அந்த நாய்க்கு இந்த மருந்து போனா உள்ளேயே ரத்தம் கசியும். முதல்ல தட்டணு எண்ணிக்கை, அப்புறம்தான் மருந்து. ஸ்டீராய்டு ஓடிக்கிட்டு இருக்கிற நாய்க்கு மனுஷங்களோட வலி மாத்திரையும் கூடாது. குடல்ல புண் வச்சு ரத்தம் போகும்.

எங்கே போறது? முதல்ல உங்க ஊர் அரசு கால்நடை மருந்தகம். அங்கிருந்து மேல அனுப்பினா, திருநெல்வேலி ராமையன்பட்டியில 2012-ல தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. நாலுவழிச் சாலையில சாத்தூர், கோவில்பட்டி தாண்டிப் போயிடலாம். இன்னும் தேவைன்னா சென்னை வேப்பேரியில சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை இப்பவே போன்ல பதிஞ்சு வைங்க.

மூச்சுத்திணறல் வந்த நாயைத் தூக்கும்போது ரெண்டு விஷயம். ஓட விடாதீங்க, தூக்கிக்கிட்டுப் போங்க. வாயில தண்ணியோ மருந்தோ ஊத்தாதீங்க. வண்டியில காத்தோட்டமா வச்சு, "இதுக்குக் குஷிங் இருக்கு" இல்லேன்னா "இதுக்கு இத்தனை மாசமா ஸ்டீராய்டு கொடுக்கிறோம்"ங்கிறதை உள்ளே நுழைஞ்சதும் முதல் வாக்கியமாச் சொல்லுங்க. எக்ஸ்ரே சுத்தமா இருந்தாலும் டாக்டரை ரத்தக் கட்டி பக்கம் யோசிக்க வைக்கிறது அந்த ஒரு வாக்கியமாத்தான் இருக்கும்.

நாய்க்கு நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. தண்ணிச் சட்டி காலியா இருக்கிறதுதான் அது நமக்கு அனுப்புற முதல் சேதி. இந்த வார லீவுல ஊருக்குப் போனா, உங்க வீட்டு நாயோட சட்டியில அளந்து ஊத்திப் பாருங்க. ராத்திரி அது தூங்கும்போது பக்கத்துல உட்கார்ந்து அரை நிமிஷம் மூச்சை எண்ணுங்க. ஒண்ணும் இல்லேன்னா சந்தோஷம். அந்த எண்ணைச் சமையல்கட்டுக் காலண்டர்ல எழுதி வச்சுட்டு வாங்க. அடுத்த தடவை அம்மா போன்ல "இது ஒரு மாதிரி மூச்சு வாங்குதுப்பா"ன்னு சொன்னா, ஒப்பிட்டுப் பார்க்க உங்க கையில ஒரு கணக்கு இருக்கும்.